பின்னறைக் கதவு

வெர்ன் டாக்கெட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மாமியார் ஓப்பல் இந்த வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம், ஆனால் தங்கக் கூடாது.

வீடு, லாரியில் இரண்டு பாதியாக வந்து கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார்ந்த வீடு. ஓக்லஹோமா செம்மண்ணோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். நாலு வருஷமாக வீடு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. முட்டை பொரித்தால் மஞ்சள் கரு வடக்கே ஓடும். "வீட்டுக்கு அடியில போய் மட்டத்தைச் சரி பண்ணு" என்று மனைவி டார்லா நாலு வருஷமாகக் கத்துகிறாள். "அடுத்த சனிக்கிழமை" என்பான் வெர்ன். சனிக்கிழமை தூண்டிலோடு ஏரிக்கரையில் இருப்பான்.

செவ்வாய்க்கிழமை அவள் குண்டைப் போட்டாள்.

"வெர்ன், அம்மா வர்றாங்க. ஆறு வாரம்."

"ஆறு வாரமா! எங்க தங்குவாங்க?"

"பின்னறையிலதான். கதவு கொஞ்சம் இறுக்கம். தோளால இடிச்சா திறக்குது."

கொஞ்சம் இறுக்கம்! வெர்னுக்குப் பொறி தட்டியது. "நான் பாத்துக்கறேன்" என்று ஜாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்தான். பின்னறை மூலையை லேசாகத் தூக்கினான். கட்டைமேல் செருகியிருந்த மர ஆப்பில் இரண்டை உருவினான். மெல்ல இறக்கினான். மேலே கதவு கிரீச்சென்று நிலையைக் கவ்விக்கொண்டது. இனி யானை முட்டினாலும் திறக்காது.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"மண்ணு வேலையைக் காட்டிடுச்சு, டார்லா. அம்மாவை அப்புறமா வரச் சொல்லேன்."

"அட, அதுக்கென்ன? நம்ம கட்டில்ல என்கூடப் படுத்துக்கட்டும்."

"அப்ப நான்?"

"சோபா இருக்கே. நாயை நகரச் சொல்றேன்."

அந்தச் சோபாவா! ஒரு மணி நேரம் சாய்ந்தாலே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆறு வாரம் படுத்தால் ஆளை மடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஜாக்கியோடு மறுபடி அடியில். மூலையைத் தூக்கினான். கதவு விட்டது, சமையலறை ஜன்னல் பிடித்துக்கொண்டது. அதைச் சரி பண்ணினான். குளியலறைக் கதவு முரண்டு பிடித்தது. ஒரு கட்டையைத் தொட்டால் எல்லாக் கட்டையையும் தொட்டே ஆக வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேலே டார்லா தரையில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"முட்டை சோபா பக்கம் உருளுது, வெர்ன்!"

"இப்ப?"

"இன்னொரு ஆப்பு வையி!"

"வச்சாச்சு! இப்ப?"

"எனக்கென்னவோ இன்னும் சோபா பக்கம்தான் போவுது."

சனிக்கிழமை சாயங்காலம்தான் முட்டை அசையாமல் நின்றது. தலையெல்லாம் சிலந்தி வலையும் உடம்பெல்லாம் செம்மண்ணுமாக வெர்ன் உள்ளே வந்தான். டார்லா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது அப்படியே பலிச்சிடுச்சும்மா. 'நான் வர்றேன்னு சொல்லிப் பாரு, கதவை அடைக்கறதுக்காகவாவது அடியில போவான்'னியே, போயிட்டான்!"

வெர்ன் கையிலிருந்த ஜாக்கியைக் கீழே வைத்தான். "அப்ப... அவங்க வரலையா?"

"சும்மா சொன்னேன், வெர்ன்."

போகட்டும்! ஏரி போனாலும், இடுப்பு போனாலும், மாமியார் வரவில்லை. அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. இடுப்புதான் விடவில்லை.

"என்னம்மா? கதவா? ஒரு விரலால தொட்டாலே திறக்குது" என்றவள், போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"வெர்ன், கதவுதான் திறக்குதே, நிஜமாவே வந்துடட்டுமான்னு அம்மா கேக்கறாங்க."