மூணாவது வெடியும் நைனாவோட வேட்டியும்

அன்னிக்கி எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். இஸ்திரிக் கடைக்குப் போயி நைனாவோட வேட்டிய வாங்கினு வரணும்.

அவ்ளோதான். அஞ்சு வயசுப் புள்ள செய்யும்.

நைனா கிட்ட நல்ல வேட்டின்னு இருந்ததே அது ஒண்ணுதான். ஜரிகை வெச்சது, எட்டு மொழம். சாய்ந்தரம் நாலு மணிக்கு பழையசீவரத்துலேர்ந்து வசந்தா அக்காவப் பொண்ணு பாக்க வர்றாங்க. மூணு எடம் தட்டிப் போயி, நாலாவதா வர்ற எடம். அம்மா நாலு நாளா சாமி படத்தாண்டயே நின்னுக்கினு இருந்தாங்க.

நைனா துண்டோட வாசல் வரைக்கும் வந்து சொன்னாரு: "டேய், எங்கயும் நிக்காத. வேட்டி, வூடு. வேட்டி, வூடு. புரிஞ்சிதா?"

"இன்னா நைனா, நான் இன்னா சின்னப் புள்ளயா?"

மணி ரெண்டு.

வேட்டிய வாங்கிட்டேன். கஞ்சி போட்டு மொறுமொறுன்னு இருந்திச்சி. கடைக்காரரு பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. அக்குள்ல இடுக்கிக்கினு திரும்பறேன், ஏரிப் பக்கம் ஒரே கூச்சல்.

காணும் பொங்கலாச்சே! அந்த வருஷம் மழ வெளுத்து வாங்கி ஏரி ரொம்பிக் கெடந்திச்சி. எங்க தெரு பசங்களும் கீழத் தெரு பசங்களும் வாழமரத்துல தெப்பம் கட்டி, மூங்கில் நட்டு, பாய் கட்டி, இந்தக் கரையிலேர்ந்து மதகு வரைக்கும் ரேஸ் வுடறாங்க.

"தோ, கப்பலு வந்துட்டாரு!"ன்னு கத்தனான் என் கூட்டாளி ஏகாம்பரம்.

கப்பலுன்னா நான்தான். மெட்ராஸ் காலேஜ்ல படிக்க சொல்ல என்.சி.சி. நேவில இருந்தேன். பாய்மரப் படகுல ரேஸெல்லாம் வுட்டுகீறேன்னு ரெண்டு வருஷமா டீக்கடையில அளந்து வெச்சிருந்தேன். நெசம் இன்னான்னா, படகு ஏறினது ஆறு தபா. வாந்தி எடுத்தது அஞ்சு தபா. ஆறாவது தபா காலையில நாஷ்டா துன்னல.

சரி, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு எறங்கினேன். அந்த ஒரு எட்டுதான் வெனயாச்சி.

"ரேஸ எப்பிடிப்பா ஸ்டார்ட் பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"ஒன் டூ த்ரீ சொல்லுவோம்"னான் தணிகாசலம். கீழத் தெரு தெப்பத்துக்கு அவன்தான் தலைவரு. யூரியா சாக்க தெச்சி பாய் கட்டியிருந்தான்.

எனக்கு சிரிப்பு தாங்கல. "அட மக்கு! ரேஸு பாயில இல்லடா, ஸ்டார்ட்டுல கீது!"

அப்பால ஆரம்பிச்சேன் பாருங்க பிரசங்கம். ஒரு பக்கம் கருவேல மரம், இன்னொரு பக்கம் தண்ணில நிறுத்தின சைக்கிள், இது ரெண்டுத்துக்கும் நடுவுல கோடு. கண்ணுக்குத் தெரியாத கோடு. மொத வெடி வெடிச்சா அஞ்சு நிமிஷம் கீதுன்னு அர்த்தம். ரெண்டாவது வெடிக்கி ஒரு நிமிஷம். மூணாவது வெடி வெடிச்சாத்தான் ஸ்டார்ட்டு. "அதுக்கு முந்தி எவன் கோட்டத் தாண்டினாலும், திரும்பி வந்து மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதான் ரூலு!"

சைக்கிள் கன்னியப்பனோடது. லீவுல வந்த பஸ் கண்டக்டரு, அவன்தான் அம்பயரு. "இன்னாத்துக்குப்பா வெடி? எங்கிட்ட விசில் கீதே"ன்னான் பாவம்.

"இது இன்னா உன் பஸ்ஸா?"ன்னு ஒரு அதட்டு போட்டேன். தீபாவளிக்கு மிஞ்சின அணுகுண்டு மூணு, எவன் வூட்டு பரண்லேர்ந்தோ வந்திச்சி. சைக்கிள் கேரியர் மேல வெச்சி கொளுத்தறது கன்னியப்பன் வேல.

அந்த நேரம் பாத்து எங்க தெரு தெப்பத்தோட பாயி டர்ருன்னு கிழிஞ்சிது. ஏகாம்பரத்தோட அம்மா பழம்பொடவ, அதுவும் எவ்ளோ நாளைக்கித்தான் தாங்கும்?

எல்லார் கண்ணும் என் அக்குளப் பாத்திச்சி.

"வாணாம்டா"ன்னேன். "இது நைனாவோடது."

"இன்னா கப்பலு, பயந்துட்டாரு போல"ன்னான் தணிகாசலம்.

அவ்ளோதாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கினு வந்திச்சி. மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன்: அர மணி நேரத்து வேல. பாயி மேல இருக்கும், தண்ணி கீழ இருக்கும். வேட்டி எப்பிடி நனையும்?

இந்த மூளைய வெச்சிக்கினு நான் காலேஜ் படிச்சேன்.

மொத வெடி, டமால்! நாரையெல்லாம் பறந்திச்சி. கீழத் தெருக்காரனுங்க கோட்டு மேலயே தெப்பத்தப் புடிச்சிக்கினு நின்னானுங்க. நான் மட்டும், வேட்டியப் பாயா கட்டின எங்க தெப்பத்த இருவது அடி பின்னால கொண்டு போனேன்.

"ஏன்டா பின்னால போற?"ன்னு ஏகாம்பரம் பதறினான்.

"அதான்டா டேக்டிக்ஸு! நின்ன எடத்துலேர்ந்து கெளம்பறவன் மெள்ளதான் போவான். நாம பின்னாலேர்ந்து ஓட்டம் புடிச்சி வந்து, வெடி வெடிக்கிற அதே செகண்டு கோட்டத் தாண்டணும். மரத்துப் பக்கம்தான் மதகு கிட்டக்க கீது, அங்க வுடு!"

ரெண்டாவது வெடி, டமால்! நான் வாட்ச்சப் பாத்துக்கினே இருந்தேன். நாப்பது... நாப்பத்தஞ்சி... "ஏத்துடா பாயி!"

அடிச்சிது பாருங்க காத்து! கஞ்சி போட்ட வேட்டி புஸ்ஸுன்னு உப்பி, தெப்பம் பிச்சிக்கினு பறக்குது. எனக்குத் தல கால் புரியல. கரையில விசில் பறக்குது. கருவேல மரத்துல வேட்டி ஓரம் சரக்குன்னு ஒரு சத்தம் போட்டுது, அதையெல்லாம் யாரு கவனிச்சா? அம்பத்தெட்டு... அம்பத்தொம்பது... அறுவது! கரெக்ட்டா கோட்டு மேல பறந்தேன். நேவிக்காரன் பாத்திருந்தா கையெடுத்துக் கும்புட்டிருப்பான்!

மூணாவது வெடி மட்டும் வெடிக்கல.

பொஸ்ஸுன்னு ஒரு பொக. அவ்ளோதான்.

"திரும்பி வா!"ன்னு கன்னியப்பன் கத்தறான்.

"டைம் ஆய்டிச்சிப்பா! வாட்ச்சப் பாரு!"

"வாட்ச்சி இன்னா வாட்ச்சி? வெடி வெடிச்சாத்தான் ஸ்டார்ட்டுன்னு நீதானே சொன்ன? திரும்பி வா!"

சொல்லிட்டு, வெடி செத்துப் போச்சான்னு குனிஞ்சி பாத்தான். அப்ப வெடிச்சிது. டமால்! கன்னியப்பன் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். கீழத் தெரு தெப்பம் ஓன்னு கத்திக்கினு கெளம்பிடிச்சி.

நான் போட்ட ரூலு, நானே மீறினா நல்லாவா இருக்கும்? திருப்புடான்னேன். வாழமரத் தெப்பம் காத்து அடிக்கிற பக்கம்தான் போவும், எதுத்து வராதுன்னு எனக்கு எந்த நேவிலயும் சொல்லித் தரல. துடுப்பப் போட்டு அழுத்தினேன். தெப்பம் குறுக்கால திரும்பிச்சி. மூங்கில் சாஞ்சிது. அப்பால வேட்டி, ஏகாம்பரம், நான், மூணு பேரும் தண்ணிக்குள்ள.

"ஐயோ! காப்பாத்துங்க! முழுகறேன்!"

தணிகாசலம் எங்களத் தாண்டிப் போயிக்கினே சொன்னான்: "எந்திரிப்பா கப்பலு. இடுப்பளவு தண்ணிதான்."

எந்திரிச்சேன். இடுப்பளவுதான்.

கரையேறி வேட்டியப் புழிஞ்சா, ஏரி சேறு பூரா அதுல கீது. ஓரத்துல ஜரிகைய முள்ளு கிழிச்சி ஒரு ஓட்ட. மணி மூணே முக்கால். அக்கா மொகம்தான் கண்ணு முன்னால வந்திச்சி. ஓடனேன்.

நைனா கொல்லப் பக்கம் துண்டோட நின்னுக்கினு இருந்தாரு. வேட்டியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள வாசல்ல, "வூட்ல யாருங்க?"ன்னு கொரலு. பஸ்ஸு சீக்கிரமே வந்துடிச்சி.

துண்டோட சம்பந்தி முன்னால போவ முடியுமா? அம்மா ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி சேற மட்டும் அலசினாங்க. நைனா அதையே கட்டிக்கினு, ஓட்டைய மடிப்புல மறச்சிக்கினு, சொட்டச் சொட்ட போயி ஒக்காந்தாரு.

மாப்பிள்ளையோட அப்பா பாத்தாரு. நைனா ஒக்காந்த கோரப்பாயி நனையுது. "இன்னாங்க, வேட்டி ஈரமா கீதே?"

நான் கதவு பின்னால கண்ண மூடிக்கினேன். நாலாவது எடமும் போச்சி!

நைனா அசரல. "அதுங்களா? பொண்ணுக்கு நல்ல எடம் வந்தா ஈர வேட்டியோட ஒக்காந்து பேசறேன்னு அம்மனுக்கு வேண்டுதலுங்க."

சம்பந்திக்குக் கண்ணு கலங்கிடிச்சி! "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பக்தியா? இதவிட இன்னாங்க வேணும்? தட்ட மாத்திக்கலாம்!"

அக்கா உள்ள அழுவறா, அம்மா அழுவறாங்க, நான் குதிக்கிறேன்! அப்ப அவுரு இன்னும் ஒண்ணு சொன்னாரு. "முகூர்த்தத்துலயும் இதே மாதிரி ஈர வேட்டியோட நில்லுங்க. எங்க ஜனம் பூரா பாக்கணும்."

நைனா என் பக்கம் திரும்பி நல்லா சிரிச்சாரு. "வேண்டிக்கினது நானும் எம் புள்ளயும் சேந்துதாங்க. இன்னிக்கி என் மொற. அன்னிக்கி அவன் மொற."

மாசி மாசப் பனி. விடியக்காலம் முகூர்த்தம். ஓம குண்டத்தாண்ட ஈர வேட்டியோட தும்மிக்கினு நிக்கிறேன். பழையசீவரம் ஜனம் பூரா கையெடுத்துக் கும்புடுது. எதுருல, ரேஸு கதைய நைனாவுக்கு ஒண்ணு வுடாம சொல்லி வெச்ச தணிகாசலம் வெத்தல போட்டுக்கினு சிரிக்கிறான். நெருப்புச் சூட்டுல வேட்டி மெள்ளக் காஞ்சிக்கினே வந்திச்சி. அப்பாடான்னு இருந்திச்சி.

நைனா வந்து வேட்டியத் தொட்டுப் பாத்தாரு. தாலி கட்ட இன்னும் கால் மணி கீது.

"காஞ்சி போச்சிடா"ன்னு காதுல சொன்னாரு. "திரும்பிப் போயி மொதல்லேருந்து ஆரம்பி. ரூலு நீ போட்டதுதானே?"