கண்டக்டரும் கரண்ட் இல்லாத பியானோவும்

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரிடமே போய், “சாமி, கொஞ்சம் உள்ள தள்ளி உட்காருங்க, வர்றவங்களுக்கு வழி வேணும்ல?” என்று கேட்கக்கூடிய ஒரே ஆள், திருச்சியில் எங்கள் கண்டக்டர்தான். முப்பது வருஷம் சத்திரம் - ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. விசிலை எல்லோருக்கும் தெரியும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாலு மாடி காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில்தான் என் மூக்குக்கண்ணாடிக் கடை. கட்டட முதலாளியின் மகள் கல்யாணமாகிக் கனடா போனபோது, அவருடைய பழைய பியானோவை என்ன செய்வதென்று முதலாளிக்குத் தெரியவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்து, ‘யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்’ என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டார்.

நம் ஊரில் ‘யார் வேண்டுமானாலும்’ என்று எழுதிப் போடலாமா? முதல் வாரமே பியானோ மேல் ஹெல்மெட் குடியேறியது. மழைக்கோட்டு காய்ந்தது. முசிறி பஸ்ஸுக்கு வந்த ஒருவர் அதன் மேல் வாழைத்தாரைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஒருநாள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவரும் கல்யாணக் கச்சேரிக்காரர் ஒருவரும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டை வாசித்துச் சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட என் கடைக்கு ஒருவர் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். காம்ப்ளெக்ஸே நின்றது.

“எறங்குங்க. ரெண்டு பேருமே எறங்குங்க. ஒரு சீட்டுக்கு ஒரு ஆளு!”

மறுநாளே சட்டம் அமலுக்கு வந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும்; இரண்டு விசில் என்றால் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். பியானோ மேல் லக்கேஜ் கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. வாசிக்கிறவர் கூடவே பாடக் கூடாது. முக்கியமாக, பக்கத்தில் நின்று தப்பைத் திருத்தக் கூடாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் கெஞ்சிப் பார்த்தார். “அடியேன் இன்னும் ஒரே ஒரு பாசுரம் சேவிச்சுட்டு எழுந்துண்டுடறேனே.”

“பெருமாளே வந்தாலும் பத்து நிமிஷம்தாங்க சாமி.”

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வாஸ்தவம். பள்ளிகொண்ட பெருமாள் எழுந்திருக்கறதுக்கே பத்து நிமிஷம் ஆயிடுமே!”

கண்டக்டர் தினமும் தன் டிஃபன் பாக்ஸை என் கடையில்தான் வைப்பார் என்பதால், எனக்குச் சலுகை உண்டென்று நம்பினேன். நான் வாசித்த பதினோராவது நிமிஷம் என் காதுக்குள்ளேயே விசில் அடித்தார். மூன்று நாளைக்கு என் மனைவி பேசியது அந்தக் காதில் விழவில்லை. அதற்கு நன்றிகூடச் சொன்னேன்.

பெரிய கடை வீதியில் தையல் வேலை செய்யும் ஆயிஷா வந்த நாள் மறக்காது. ஒற்றை விரலால், ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி வாசித்தார். கூட்டம் சிரித்தது. ஒரு விசில்.

“சிரிக்கிறவங்க எல்லாம் எறங்கிக்கலாம். நீங்க ஓட்டுங்கம்மா, இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு.”

முதல் மாடித் துணிக்கடை மேனேஜருக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. முதலாளியிடம் போய், “சார், ஒரு விசில் கேட்டா என் சேல்ஸ்மேனுங்க சேலையைப் பாதி விரிச்சபடி நின்னுடறாங்க. ரெண்டு விசில் கேட்டாத்தான் மீதியை விரிக்கிறாங்க” என்று முறையிட்டார். முதலாளி பணிந்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பியானோவை ஏற்ற லாரி வந்து வாசலில் நின்றது.

கண்டக்டர் பியானோவின் மூடியைத் தன் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மூன்றாம் மாடியில் முதலாளியின் கையெழுத்தை வாங்க மேனேஜர் பியானோவை அனுப்பும் காகிதத்தோடு லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

லிஃப்டுக்குள் மேனேஜர், கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னும் மூன்று பேர். குழந்தை வீறிட்டது. யாரோ கதவை இடித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கோ காவிரிப் பாலத்து டிராஃபிக்கில் மாட்டியிருந்தார். வெளியே ஐம்பது பேர் ஐம்பது யோசனை கத்தினார்கள்.

ஒரு விசில். ஐம்பது பேரும் கப்சிப்.

கண்டக்டர் கதவிடுக்கில் வாயை வைத்தார். “யாரும் பயப்படாதீங்க. வண்டி சின்னதா பிரேக்டவுன், ஆளு வந்துட்டே இருக்காரு. குழந்தைக்கு எந்தப் பாட்டும்மா பிடிக்கும்?”

“தாலாட்டுதாங்க...” என்று அழுகையோடு ஒரு குரல் வந்தது.

அந்தக் கட்டடத்தில் கரண்ட் இல்லாமல் ஓடக்கூடிய ஒரே சாமான் பியானோதான். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கீபோர்டுக்காரர் தாலாட்டு தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆயிஷா வந்து உட்கார்ந்தார். அதே ஒற்றை விரல். தாலாட்டுக்கு அந்த வேகம்தான் சரியான வேகம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவை இடிப்பது நின்றது. குழந்தையின் அழுகை விசும்பலாகி, விசும்பல் மூச்சானது.

பத்து நிமிஷம் முடிந்தது. கண்டக்டரின் கை பழக்கத்தில் விசிலைத் தூக்கியது. லிஃப்டுக்குள்ளிருந்து மேனேஜர் ரகசியக் குரலில் அலறினார்: “ஐயா, அடிச்சுடாதீங்க! இப்பத்தாங்க தூங்குது!”

கண்டக்டர் விசிலைப் பைக்குள் போட்டார். அவர் ஆட்சியில் ஒருவருக்கு நேரம் நீண்டது அந்த ஒரு தடவைதான்.

முக்கால் மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து கதவைத் திறந்தார். வேர்வையில் குளித்த மேனேஜரின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை அதன் அம்மாவிடம் பதமாகக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைச் சத்தம் வராமல் நாலாகக் கிழித்தார். “பியானோ எங்கயும் போகலைங்க” என்று கிசுகிசுத்தார். அந்த அம்மா குழந்தையோடு ஆட்டோ ஏறும்வரை பொறுத்திருந்தோம். அதன்பிறகு நாங்கள் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

லாரியோடு வந்தவர்கள்தான் பாவம், விழித்தார்கள். “வந்ததுக்கு எதையாச்சும் தூக்கிட்டுப் போறோமே?”

கண்டக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பியானோவை அப்படியே திருப்பிப் போடறீங்களா? முப்பது வருஷமா பஸ்ஸுல பின்னால நின்னு ஜனங்க முதுகையே பார்த்துட்டேங்க. இங்கயும் முதுகுதான் தெரியுது. வாசிக்கிறப்போ மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்க்கணும்.”

ஆறு பேர் சேர்ந்து பியானோவைத் திருப்பினார்கள். இப்போது நான் வாசிக்கும்போது கண்டக்டர் எனக்கு நேர் எதிரே நிற்கிறார். தப்பான கட்டையில் விரல் விழுந்தால் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்ப்பேன். ரசித்துச் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், நான் வாழ்க்கையில் எந்தத் தப்பும் செய்யாதவன் மாதிரி இருக்கும்.