அற்புதமேரியின் கன்பூசியஸ் பாடமும் என் கையெழுத்தும்

சேசு மரி சூசை துணை

தெம்பனிஸ், சிங்கப்பூர்
10-2-1985, ஞாயிறு

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் சிலுவைராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி இயேசுதாசன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிலோமினம்மாளும் மகள் அற்புதமேரியும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கு சிரம்பானில் தங்கள் முழங்கால் வலியும் ரோசம்மா அண்ணியின் இரத்தக் கொதிப்பும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல். அண்ணி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதி பையிலேயே கொட்டிவிட்டாலும் மீதி ரொம்ப ருசி.

சுகம் என்று எழுதினேனே, அது கடித வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் இரண்டு வாரமாக இந்த வீட்டில் சுகம் இல்லை, அண்ணன். நான் கேட்கப்போகும் உதவியைத் தாங்கள் தட்டமுடியாது. ஏனென்றால் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அற்புதமேரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக மெழுகுவர்த்தி பிடித்து நின்றது தாங்கள்தான். "பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் கேட்டபோது, பிள்ளைக்குப் பதிலாக "விட்டுவிடுகிறேன்" என்று கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னதும் தாங்கள்தான். அந்த வாக்கை இப்போது வசூல் பண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். இங்கே பள்ளிக்கூடங்களில் போன வருடத்திலிருந்து மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சமய அறிவு என்று ஒரு பாடம் கட்டாயம் எடுக்கவேண்டும். பைபிள் இருக்கிறது, இஸ்லாம் இருக்கிறது, இந்து சமயம், புத்த சமயம் எல்லாம் இருக்கிறது. எந்த மதமும் வேண்டாம் என்கிறவர்கள் கன்பூசியஸ் என்ற சீனப் பெரியவரின் நன்னெறியைப் படிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளை எதை எடுப்பாள் என்பதை ஒரு கேள்வியாகவே நான் நினைக்கவில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவள் புத்தகப்பையில் ஒரு புது புத்தகம் கிடந்தது. அட்டையில் நீண்ட தாடியும் தொளதொள அங்கியுமாக ஒரு பெரியவர், கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். சீனக் கிறிஸ்தவர்கள் சூசையப்பரை இப்படித்தான் வரைவார்கள் போலிருக்கிறது, எவ்வளவு சாந்தமான முகம் என்று எண்ணி, புத்தகத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அப்போது அற்புதமேரி குளித்துவிட்டு வந்தாள். "அப்பா, அது கன்பூசியஸ் பா, ஏன் முத்தம் குடுக்கிறீங்க?" என்றாள். முத்தம் கொடுக்கவில்லை, அண்ணன். கண்ணில்தான் ஒற்றினேன். இருந்தாலும் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேண்டுமா என்று தங்கள் பதிலில் தெரிவிக்கவும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தன் வேதத்தில் வளர்ப்பது அவன் உரிமையா இல்லையா? அதில் பள்ளிக்கூடம் எப்படித் தலையிடலாம்? திங்கட்கிழமை ஜூரோங் கப்பல் பட்டறையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பாடத்தை நடத்துகிற டீச்சரம்மா திருமதி லாவ் வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லிய குரல் உள்ள அம்மா. நான் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிய ஆங்கிலத்தில், பெற்றவனைக் கேட்காமல் நீங்கள் எப்படி முடிவு பண்ணலாம் என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு "மிஸ்டர் தாஸ், தகப்பனுக்குத்தான் உரிமை. அதனாலதான் உங்க கையெழுத்து வாங்கினோம்" என்று ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

என் கையெழுத்தைத் தங்களுக்குத் தெரியும். யாரும் கள்ளக் கையெழுத்துப் போடக்கூடாது என்று வால் நுனியில் ஒரு சின்னச் சிலுவை போடுவேன். அந்தத் தாளில், கன்பூசியஸ் நன்னெறி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், சிலுவையோடு என் கையெழுத்து இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. போன வருடக் கடைசியில் ஒரு மாலை, பல் மருத்துவத்துக்கு ஒன்று, புத்தகப் பட்டியலுக்கு ஒன்று, பறவைப் பூங்காவுக்குப் போக ஒன்று என்று ஏழெட்டுத் தாளை அற்புதமேரி நீட்டினாள். தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டேன். உரிமையை யாரும் பிடுங்கவில்லை, அண்ணன். நானேதான் கோல் அடிக்கிற நேரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருமதி லாவ் என்னை ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பாடத்தை மாற்ற வேண்டுமானால் இருபத்திரண்டாம் தேதிக்குள் வேறு படிவம் கொடுக்கலாம் என்று ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் எப்போதும் உட்கார்கிற அப்துல் கையூமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிரேன் ஓட்டுகிறவர், நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். ஜூரோங் வந்து இறங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி தாஸு, உங்க மக ஏன் அதை எடுத்துச்சு? கேட்டீங்களா?" என்றார். நான் அசந்துபோனேன். இதென்ன கேள்வி? தகப்பன் சொல்வான், பிள்ளை கேட்கும். இதில் தகப்பன் போய் ஏன் என்று கேட்பானா? "நீங்களா இருந்தா கேப்பீங்களா?" என்றேன். "நான் கேப்பேன் லா. தெரிஞ்சுக்க ஆசையா இருக்காது?" என்று சொல்லிவிட்டு கிரேன் ஏறப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கேட்பதை விட, அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று நானே பார்த்து, தப்பை எல்லாம் பொறுக்கி எடுத்து மகள் முன்னால் வைப்பது என்று தீர்மானித்தேன். சிராங்கூன் சாலைக்குப் போய் ஒரு ஆங்கிலம் தமிழ் அகராதி வாங்கிவந்தேன். சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்தேன். அண்ணன், உள்ளதைச் சொல்கிறேன், நான் தேடியது கிடைக்கவில்லை. பெற்றோரை மதிக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. அவர்கள் வயதை மறக்கக்கூடாதாம். வெறுமனே சோறு போட்டால் போதாதாம், முகம் கோணாமல் போட வேண்டுமாம். ஒவ்வொரு பக்கமும் என் பக்கம்தான் பேசுகிறது! ஆனந்தத்தில், தகப்பன் என்று வருகிற இடம் எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டேன். அதனால் வந்த வினை, அடுத்த வகுப்பில் திருமதி லாவ் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, முப்பத்தொன்பது சீனப் பிள்ளைகளிடமும், "பாருங்க, மேரி எவ்வளவு ஆழமாப் படிச்சிருக்கா" என்று பாராட்டிவிட்டாராம். அந்த வகுப்பில் நாற்பதாவது ஆள் நம் அற்புதமேரிதான். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, மாற்றுப் படிவத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"அப்பா சொல்றத கேளுன்னு இந்தப் புக்கே சொல்லுது பாரும்மா" என்றேன்.

"அப்ப இது நல்ல புக்தானேப்பா?"

"நல்ல புக்குதான்."

"அப்ப ஏன் படிக்கக்கூடாது?"

"அப்பா வேணாம்னு சொல்றேன், அதனால."

"அப்பா சொன்னா கேக்கணும்னு எதுல போட்டிருக்கு?"

"இந்தப் புக்லதான்!"

"இந்தப் புக்தானே வேணாங்குறீங்க?"

அவள் அமைதியாக அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பெற்றோர் தவறாக முடிவு பண்ணினால் பிள்ளை பணிவாக எடுத்துச் சொல்லலாம் என்று அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நான் கோடு போடவில்லை. "நான் பணிவாத்தானேப்பா சொல்றேன்?" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள், அதை மறுக்கமுடியாது. பிதாவையும் மாதாவையும் சங்கித்திருக்கும்படி, அதாவது மதித்திருக்கும்படி, நம்முடைய பத்துக் கட்டளையிலேயே நாலாவதாக இருக்கிறதே, கன்பூசியஸிடம் ஏன் கடன் வாங்கினோம் என்பது மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பிலோமினம்மாளைக் கேட்டால், "அப்பாவும் மகளும் என்னமோ பண்ணுங்க, எனக்குச் சமையல் இருக்கு" என்கிறாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அண்ணன். இது ஒரு பாடத்தைப் பற்றிய சமாச்சாரமாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குப் புத்தகம், நாளைக்குப் பூசை வேண்டாம் என்பாள், அதற்கப்புறம் என் பிள்ளை எனக்கு யாரோ ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஆகையால் தாங்கள் கட்டாயம் புறப்பட்டு வரவும். இந்த வருடம் விபூதிப் புதனும் சீனப் புத்தாண்டும் ஒரே நாளில், இருபதாம் தேதி வருகின்றன. பட்டறைக்கு இரண்டு நாள் விடுமுறை. தாங்கள் செவ்வாய் ரயிலில் வந்தால், புதன் காலை நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு பிள்ளையை உட்காரவைத்து, ஞானத்தகப்பன் என்ற அதிகாரத்தில் நாலு வார்த்தை சொல்லி, படிவத்தில் பைபிள் என்று எழுதவைத்துவிடலாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு எங்கள் மூவரின் தோத்திரத்தைச் சொல்லவும். தங்கள் முழங்காலைப் பரிசுத்த மாதா தன் கையால் தடவிக் கொடுப்பாராக. தங்கள் வீட்டுக் கோழிகளுக்கும் குறையொன்றும் வராதிருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
இயேசுதாசன்

பி.கு. (வியாழக்கிழமை): அண்ணன், தாங்கள் வரவேண்டாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு ரயில் டிக்கெட் எடுக்க ஓடிவிடாதீர்கள்.

உறையை ஒட்டிவிட்டுத் தபால்தலை வாங்க மறந்துபோனேன். கடிதம் அலமாரி மேலேயே கிடந்தது. இப்போது கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை அற்புதமேரி தானாகவே வந்து படிவத்தைக் கொடுத்தாள். பைபிள் என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டு, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். "நீங்க ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடலப்பா, சைன் பண்ணுங்க" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். பேனாவையும் திறந்துவிட்டேன். ஆனால் கையூம் கேட்ட கேள்வி வந்து பேனா முனையில் உட்கார்ந்துகொண்டது. "ஏம்மா முதல்ல அதை எடுத்தே?" என்று கேட்டேன்.

நம் கோயில் பாட்டுக்குழு எட்மண்டைத் தங்களுக்குத் தெரியுமே, அவர் மகன் போன வருடம் பைபிள் பாடத்தில் பெயில். பீடப்பணி செய்கிற பையன் வேறு. "பாதர்லேர்ந்து கோயில் கூட்டுறவங்க வரைக்கும் சிரிச்சாங்கப்பா. அதுக்கப்புறம் அவன் கோயிலுக்கே ஒழுங்கா வர்றதில்ல. நான் சாமி கும்புடுறதுக்கு யாரும் மார்க் போட வேணாம்னு தோணுச்சு. கன்பூசியஸ்ல பெயிலானா அது வெறும் பாடம். நம்ம வேதத்த வீட்ல உங்ககிட்ட கத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "ஆனா நீங்க சொல்லித் தந்ததே இல்லையேப்பா. ஜெபமாலை சொல்றப்ப ரெண்டாவது பத்துலயே தூங்கிடுறீங்க. அம்மா முழங்கையால இடிச்சாத்தான் ஆமென் வருது" என்றாள். அண்ணன், உரிமை உரிமை என்று பள்ளிக்கூடம் வரைக்கும் போய்க் கேட்டேனே, பதினைந்து வருடத்தில் அதை ஒருநாள் கூட நான் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். அவள் கன்பூசியஸையே படிக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்து மூன்று மணிக்கு வீட்டில் வேத வகுப்பு என்று ஏற்பாடு. வாத்தியார் நான்தான் என்பதை நிலைநாட்ட, எட்மண்ட் வீட்டிலிருந்து அந்தப் பையன் பெயிலான கேள்வித்தாளை வாங்கிவரச் சொல்லி, இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நேற்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அற்புதமேரி பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினாள். ஐம்பதுக்குப் பதினெட்டு. எட்மண்ட் மகன் இருபத்தொன்று. பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் எனக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். எட்டாவதாக அந்தோணியாரை எழுதினேன். அவர் ஆயிரத்து இருநூறு வருடம் கழித்து வந்தவராமே, தங்களுக்குத் தெரியுமா? அவள் சிரிக்கவே இல்லை. என் சிவப்பு மை பேனாவாலேயே வட்டம் போட்டு, திருத்தம் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று. இங்கே பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் பெயிலானால் விடைத்தாளில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வாங்கிவரவேண்டும். அந்த விதியை மகள் எனக்குத் தளர்த்தவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு எனக்குப் பெரியவர் தாங்கள்தான். விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த வார ஞாயிறு வகுப்புக்குள் கிடைக்கும்படி கையெழுத்துப் போட்டு அனுப்பவும். என்னைப்போல் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள், அண்ணன். ஒவ்வொரு வரியும் படித்துப் பார்த்துவிட்டுப் போடவும்.