யாருக்கும் பிடிக்காமல் போகாத வாசம்

ஊரில் ஒருவருக்குக்கூடத் தன்னைப் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரியும் ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இந்த இனத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் தெரிந்துகொள்ளலாம். ஈப்போவில் இதற்கு அசல் மாதிரி பமேலா அக்கா. லிஃப்ட் கதவு திறந்தால் முதலில் லைச்சிப் பழம் வரும், அதன் பின்னால் பீச் பழம் வரும், அப்புறம் மல்லிகை வரும், எல்லாம் வந்து இடம் பிடித்துக்கொண்ட பிறகு பமேலா அக்கா வருவார்.

"இது ஃப்ரெண்ட்லியான சென்ட்டுக்கா. யாருக்கும் பிடிக்காம போகாதுலா" என்று கடைக்காரப் பெண் சொன்னதுதான் தாமதம், அதுவே அவருக்கு வேதவாக்காகிவிட்டது. வாசம் மட்டுமா? பேச்சும் அப்படியே. பாதர் பிரசங்கம் நீளம் என்பவரிடம், "ஆமாலா, கால் கடுக்குது." போதாது என்பவரிடம், "ஆமாலா, மனசு நெறையல." டுரியான் பழம் பிடிக்குமா என்று கேட்டால்? கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில். டுரியானாவது தனக்குப் பகையாளிகள் உண்டென்று தெரிந்தும் துணிந்து மணக்கிறது. அக்காவுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கா சுங்கை சிப்புட் அந்தோணிமுத்துவிடம் பெண் கேட்க வேண்டி வர வேண்டும்? அவர் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். அக்காவைப் பல வருடமாகத் தெரியும், ஆமாம் சாமி போடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் மகள் ஜானிஸைத்தான் கட்டுவேன் என்று பமேலாவின் மகன் கிளென் ஒற்றைக்காலில் நின்றான். பேச்சு ஆரம்பிப்பதற்குள் அந்தோணிமுத்துவின் மனைவி கெர்ட்ரூட் கண்ணை மூடிவிட்டார்.

சவப்பெட்டியில் சென்ட் தெளிப்பது வழக்கம். எல்லோரும் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு நகர்ந்தார்கள். சம்பந்தியாகப் போகிறவர் அப்படி விட முடியுமா? கைப்பையிலிருந்து தன் சொந்தப் புட்டியை எடுத்து, பெட்டிக்கு, மாலைகளுக்கு, மெழுகுவத்திக்கு, அழுதுகொண்டிருந்த அந்தோணிமுத்துவின் சட்டைக்கு என்று காலியாகும் வரை அடித்தார். அன்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

துக்கம் கழிந்து பெண் கேட்கப் போன நாளில், அதே சென்ட்டில் புதுப் புட்டியைத் திறந்து, வாசலிலேயே கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் அடித்துக்கொண்டு நுழைந்தார். தேநீர் கொண்டுவந்த ஜானிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அம்மா..." என்று விம்மினாள். அந்தோணிமுத்து கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வீடே ஒப்பாரி. பக்கத்து வீட்டு இருளாயி தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார்.

"அலாமாக்! யாரு போய்ட்டா?"

பமேலா அக்கா என்ன செய்தார் என்கிறீர்கள்? எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். அழுகிற வீட்டில் வேறென்ன செய்வது?

கைக்குட்டைக்குள்ளிருந்து அந்தோணிமுத்துவின் குரல் வந்தது.

"ஏம்மா பமேலா, இந்தச் சென்ட்டு ஒங்களுக்குப் பிடிக்குமா? உண்மையச் சொல்லுங்க."

அக்கா பதிலுக்காக அவர் முகத்தைத் தேடினார். முகம் இல்லை. கைக்குட்டைதான் இருந்தது. கிளெனைப் பார்த்தால் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகனின் கல்யாணம் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது. விடையோ எங்கும் எழுதியிருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் உண்மை வெளியே வந்துவிட்டது.

"பிடிக்காது அண்ணே. போட்டாலே தலவலி."

கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"இத்தன வருசத்துல இப்பத்தான் ஒங்க சொந்த வார்த்தை ஒண்ணு கேக்குறேன். பொண்ணு தாரேன். போய் அதக் கழுவிட்டு வாங்க, தேத்தண்ணி ஆறுது."

பாவம், கழுவிவிட்டு வந்த அக்காவை இருளாயிக்கு அடையாளமே தெரியவில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? நாமெல்லாம் அப்படியில்லை என்றா? சரி, நான் எழுதிய இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? உடனே சொல்லுங்கள். அதற்குள் ஏன் என் முகத்தைத் தேடுகிறீர்கள்?