சிப்பிகளின் சம்மதம்

இதை முதன்முதலில் சொன்னவர் தபால்காரர். கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. அதற்கென்று தனிப் படிக்காசு எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை.

இஸ்திரிக்காரியின் வீட்டையும் கடலையும் பிரித்துவைத்திருந்த தடுப்புச்சுவரில் ஆள் நுழையுமளவு ஓட்டை விழுந்தது. பழுதுபார்க்க ஆணை வந்தது, சிமெண்ட் வரவில்லை. வேலைக்கு அமர்த்தப்பட்ட கொத்தனார் அவளுக்குக் கொழுந்தன்.

"அண்ணி, தரை போட மூணு மூட்டை வச்சிருக்கீங்களே, அதக் குடுங்க. ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடுவாங்க."

"உங்கண்ணனும் இப்படித்தான் சொல்லுவாரு," என்றபடியே கொடுத்தாள். பேரலைப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது, வீடு நிற்கவேண்டுமே.

கடல் வற்றிய வேளையில் கொத்தனார் கரண்டியை எடுத்தார். அக்கணமே சிப்பி நல அலுவலர் எழுந்தருளினார். சட்டையில் வெள்ளிநிறச் சிப்பிச் சின்னம். அவ்வாண்டு அதை அணியாதவர் மனிதரில் சேர்த்தியில்லை. சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் குனிந்து நோக்கினார்.

"எல்லாம் மூடியிருக்கே! ஆட்சேபணை தெரிவிக்குதுங்க. நிறுத்துப்பா!"

"தண்ணி வத்தினா மூடிக்கும் சார். ஏறினா தானாத் திறக்கும்."

"அப்போ திறந்திருக்கும்போது வேலை செய்."

"அப்போ சுவரே தண்ணிக்குள்ள இருக்குமே சார்!"

"அது உன் கஷ்டம். அதுங்க கஷ்டத்தப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம்."

மூட்டைகள் அலுவலகப் பொறுப்பில் ஏற்கப்பட்டு, சுவரடியிலேயே பத்திரமாக விடப்பட்டன.

பேரலை வந்தது. ஓட்டை வழியே வீட்டுக்குள் புகுந்து, மடித்து அடுக்கியிருந்த ஊரார் துணிகளை மறுபடியும் துவைத்துப் போட்டது.

அதன்பின் பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம். சிப்பிகள் இசையும்வரை சுவரைத் தொடுவதில்லை என்னும் தீர்மானத்தை அலுவலர் வாசித்தார். வாசலில் இலவசமாகக் கிடைத்த சின்னத்தைக் குத்திக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

"ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்."

கொத்தனார் முழங்கையால் இடித்தார். "சொல்லுங்க அண்ணி!"

"ஏன், நீ சொல்லேன்."

"அடுத்த வேலையும் இவருதானே எனக்குக் குடுக்கணும்?"

"எனக்கு மூணு மூட்டை வரணும்," என்று முணுமுணுத்துத் தன் சின்னத்தை நேராக்கிக்கொண்டாள்.

ஒருவரும் பேசவில்லை. சிப்பிகள் மூடியிருந்தால் எதிர்ப்பு. மக்கள் மூடியிருந்தால் முழுமனதான சம்மதம். அவ்வாறே பதிவாயிற்று.

அலுவலகம் நன்றி மறக்கவில்லை. மறுநாளே அதன் ஆட்கள் மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினர். அலையில் நனைந்து இறுகியிருந்தவற்றை அவள் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"எண்ணிக்கை சரியாம்மா?"

சரியாகத்தான் இருந்தது: மூன்று மூட்டைக் கல்.