நாற்காலிக்கு ஒரு கைப்போட்டி

அந்த வீட்டில் வாய்ச்சண்டை தீராவிட்டால் கைக்கு வந்துவிடும். அடிதடி இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக் கை கோப்பார்கள். யார் கை சாய்கிறதோ அவர் பேச்சு எடுபடாது. இருபத்தாறு வருஷமாகச் சாயாத கை அவருடையது.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சில் ஏறிய எதையும் நம்பமாட்டார். மனைவி சொல்வது அச்சிலேயே ஏறாதது. அதை எப்படி நம்புவது?

இந்தத் தடவை வழக்கு அவருடைய சாய்வு நாற்காலி. கம்பி துருத்திக்கொண்டு நிற்கிற அதைத் தூக்கிப் போட வேண்டும் என்றாள். அவருக்கோ, அந்த வீட்டில் எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டி.

எட்டரைக்கு அவர் இரண்டு டம்பெல்லோடு கூடத்துக்கு வந்தார்.

"இப்ப எதுக்குங்க இது? கை அசந்துடும். பேசாம உக்காருங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னைச் சும்மா உட்காரச் சொன்னதுண்டா?

"நான் கை பழகினா உனக்கென்ன பயம்?"

"பயமில்ல. தசை களைச்சா பலம் இறங்கிடும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

நல்லதுக்காம். மனசுக்குள் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்தார். அறுபது தடவை தூக்கினார்.

"போதுங்க, பாவம்."

இன்னும் நாற்பது தூக்கினார்.

தண்ணீர் கொண்டுவந்தாள். மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"கொஞ்சம் படுத்துக்கவாவது செய்யுங்களேன்."

முப்பது தண்டால் எடுத்தார். நடுவில், ஒருவேளை உண்மையான அக்கறைதானோ என்று தோன்றியது. இப்படித் தோன்ற வைப்பதுதான் அவள் வேலை என்று தெளிந்து, மேலும் பத்து எடுத்தார். அவள் வலது கையைத் தலையணைமேல் வைத்தபடி, ஒரு துரும்பையும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்குக் கை கோத்தார்கள். அவர் கை தானாக நடுங்கியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அதைச் சாய்த்தாள். ஈரத்துணி விழுந்த மாதிரி சத்தம் கேட்டது.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த கையை.

"அப்ப நீ உண்மையாவே என் நல்லதுக்குத்தான் சொன்னியா?"

"நல்லதுக்குத்தாங்க சொன்னேன். நீங்க கேக்க மாட்டீங்கன்னு நம்பிச் சொன்னேன்."