தனியாகப் போனால் நாற்பத்தொன்று

வண்டி ஓட்டுகிற எல்லோரையும் கண்காணிக்க வேண்டும் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு முடிவெடுத்தார். ஊர் நன்மைக்காக எடுத்த முடிவு என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். பெண்டாட்டி வாயை அடைப்பதற்காக எடுத்த முடிவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். காருக்குள் கண்காணிப்புப் பெட்டி வைப்பதைக் கட்டாயமாக்கலாமா, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மறுபடி ஓட்டுநர் தேர்வு வைக்கலாமா என்று போக்குவரத்து அலுவலகம் கருத்துக் கேட்டிருந்தது. விருப்பப்பட்டவர்கள் மூன்று வாரம் பெட்டியை வைத்து ஓட்டிப் பார்க்கலாமாம். ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டி மதிப்பெண் போடுமாம்.

கீழ்வீட்டு வக்கீல் கொதித்துப் போயிருந்தார்.

"என் காருக்குள்ள நான் பாடுவேன், கொட்டாவி விடுவேன், எதுத்தாப்புல வர்றவனைத் திட்டுவேன். அதையெல்லாம் ஒரு டப்பா எதுக்குங்க பாக்கணும்?"

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். "கண்ணை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோதிச்சுக்கச் சொல்றேன். வந்து சோதிச்சுக்கறீங்க. பவர் மாறியிருக்கு. அப்போ கை, கால், மூளை மட்டும் லைசன்ஸ் வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்குமா? எனக்கு முதல் பெட்டியைக் குடுங்க. நான் வைக்கறேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. கடைசி வரிசையில் சிவப்புப் பேனாவும் அச்சுத்தாள்களுமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் தட்டவில்லை.

மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் திருத்துவாள். பக்கம் தீர்ந்துபோனால் புருஷனைத் திருத்துவாள். அதிலும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும். "பிரேக்கு", "விளக்கைப் போடுங்க", "அந்த சைக்கிள் திரும்பப்போகுது பாருங்க" என்று பதினெட்டு வருஷமாக ஒரே பாராயணம். தானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டமெல்லாம்? நான் இருக்கேன்ல!" என்று மூன்று தடவையும் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார். ஓட்டுநர் இருக்கை அவருக்குச் சிம்மாசனம். அதில் இன்னொருவர் உட்காருவதைக் கனவில்கூட அவரால் பார்க்க முடியாது. இவள் பேச்சால்தான் தன் கவனம் சிதறுகிறது என்று பெட்டி ஒரு தடவை சொல்லிவிட்டால், இந்தப் பாராயணம் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடும்போதே மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அடியில பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, படிச்சீங்களா?"

"என்ன போட்டிருக்கு?"

"தனியா ஓட்டும்போது சராசரி அம்பதுக்குக் கீழ போனா மறுதேர்வாம். அதுலயும் தவறினா தனியா ஓட்டக் கூடாதாம்."

"அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்குப் போட்டது" என்று சொல்லிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

முதல் பயணம் அவளோடுதான். எப்போதும் போல ஆரம்பித்தது.

"பிரேக்கு."

"பாத்தேன்."

"பாத்தா நின்னுடுமா? மிதிங்க."

மிதித்தார். வீட்டுக்குத் திரும்பியதும் பெட்டி ஒரு பெண் குரலில் பேசியது. "பயணம் முடிந்தது. மதிப்பெண் தொண்ணூற்று மூன்று. சிறந்த கவனம்."

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! நீ இவ்வளவு தொணதொணத்தும் தொண்ணூத்தி மூணு! நீ இல்லாம போயிருந்தா நூத்திப் பத்து வாங்கியிருப்பேன்."

"நூறுக்கு மேல மார்க் கிடையாதுங்க" என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போனார். விசிலடித்துக்கொண்டே போனார். கடை வாசலில் பெட்டி வாயைத் திறந்தது.

"மதிப்பெண் நாற்பத்தொன்று. மஞ்சள் விளக்கில் இரண்டு முறை வேகம் கூட்டப்பட்டது. கண்ணாடி பார்க்கப்படவில்லை."

"நான் கண்ணாடி பாக்கலையா?" என்று பெட்டியிடமே சண்டைக்குப் போனார். "பொழுது விடிஞ்சா பொழுது போனா கண்ணாடியைத் தவிர நான் வேற என்னத்தைப் பாக்கறேன்?"

பெட்டி அசரவில்லை. அடுத்த நாள் முப்பத்தெட்டு கொடுத்தது. அன்று சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு அச்சகத்திலிருந்து வந்தபோது தொண்ணூற்றைந்து.

அவருக்கு மண்டை காய்ந்தது. அதே கார். அதே ரோடு. அதே கை, அதே கால். வித்தியாசம் என்ன? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். எடை! பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாததால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, பெட்டி அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது. கடையிலிருந்து மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் நிரம்பிய அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து பக்கத்து இருக்கையில் அடுக்கினார். உருண்டுவிடக் கூடாதே என்று சீட் பெல்ட்டும் போட்டார்.

வீட்டு வாசலில் மனைவி பார்த்துவிட்டாள்.

"யாருங்க அது, பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு?"

"சும்மா... ஒரு எடைக்கு."

"எத்தனை கிலோ?"

"அறுபது."

"நான் அம்பத்தி நாலுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெட்டி முப்பத்தொன்பது கொடுத்திருந்தது. அந்த ஆறு கிலோவால்தான் கெட்டுப்போனதோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார்.

கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதைச் செய்து பார்க்க அவருக்கே மனசில்லை.

"இன்னிக்கு மட்டும் நீ கார்ல பேசாம வரணும்."

"பேசாமன்னா?"

"ஒரு வார்த்தை, ஒரு ‘ம்’கூட வேண்டாம்."

"நாய் குறுக்க வந்தா?"

"நான் பாத்துக்கறேன்."

"சுவர் குறுக்க வந்தா?"

"சுவர் எப்படி குறுக்க வரும்?"

"போன வருஷம் வந்துச்சே" என்றாள் மனைவி. ஆனால் சொன்ன சொல் காப்பாற்றினாள். வழி நெடுக முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு இடத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். அவள் காலைத் தூக்கினபோது ஏன் தூக்குகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் வேகத்தடை வந்துவிட்டது. இருவர் தலையும் கூரையில் இடித்தது.

"மதிப்பெண் நாற்பத்து நான்கு."

காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பதினெட்டு வருஷம் இந்தக் காரை ஓட்டியது யார்?

அன்று மாலையே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வக்கீல் சார், நீங்க சொன்னது சரி. கார்ங்கறது தனிமனுஷனோட சுதந்திரம். டப்பா வைக்கறதெல்லாம் அநியாயம்."

"போன வாரம் எல்லாருக்கும் பரிசோதனை வேணும்னீங்களே, கண்ணாடிக்காரரே?"

"அது போன வாரத்துப் பவர் சார். மாறிடுச்சு. ஏதாவது தடை உத்தரவு வாங்க முடியுமா?"

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"கோடும் இழுத்திருக்கேன்."

வக்கீல் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த புதன்கிழமை மறுதேர்வு. பக்கத்தில் தேர்வு அதிகாரி மட்டுமே உட்காருவார். தேர்வு நடக்கும் பாதையையும் வரைபடமாக அதோடு இணைத்திருந்தார்கள்.

அந்த வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரர் மூளையில் பல்பு எரிந்தது. அவர் கடையில் ஒரு புது ரகக் கண்ணாடி இருந்தது. அதன் காம்பில் சின்னதாக ஒலிபெருக்கி உண்டு. போனில் ஓடும் பாட்டு போட்டிருப்பவர் காதில் மட்டும் கேட்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் ஒரு தடவை போக வேண்டியது. அவள் சொல்வதை எல்லாம் போனில் பதிவுசெய்ய வேண்டியது. தேர்வு அன்று அதை ஓடவிட்டு, கேட்டுக் கேட்டு ஓட்ட வேண்டியது. பெட்டியாவது, அதிகாரியாவது! அந்தக் கண்ணாடியில் தன்னுடைய பவரைப் பொருத்திக்கொண்டார்.

"ஒரு பீரோ கடை இருக்கு, பாத்துட்டு வரலாமா?" என்று சனிக்கிழமை சாயங்காலம் மனைவியை அழைத்தார்.

"நமக்கு எதுக்குங்க இன்னொரு பீரோ?"

"சும்மா பாக்கத்தான்."

போன் சட்டைப் பையில் பதிவுசெய்துகொண்டிருந்தது. மனைவி அன்று வழக்கத்தைவிடத் தெளிவாகப் பேசினாள். "இப்போ இடது பக்க விளக்கு. இப்போ கண்ணாடி. இப்போ நிறுத்துங்க. பச்சை விழுந்தாச்சு, போங்க." வானொலியில் செய்தி வாசிப்பது போல இருந்தது. நடுவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது போனை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். பீரோ கடை பூட்டியிருந்தது. அதைப் பற்றி இருவருமே வருத்தப்படவில்லை.

புதன்கிழமை வந்தது. மனைவியும் கூடவே வந்து அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தேர்வு அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். மடியில் அட்டை, கையில் பேனா, அலுவலகத்து வண்டி என்பதால் காலடியில் அவசரத்துக்கு ஒரு தனி பிரேக். கண்ணாடிக்கடைக்காரர் புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, போனைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

"இடது பக்க விளக்கு" என்றது காது. போட்டார். "கண்ணாடி." பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஆகா, தேன் போல ஓடியது.

மருத்துவமனை முனையில் ஒரு லாரி. நீளநீளக் குழாய்களை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். மனைவியின் குரல் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஒன்றரை நிமிஷம் முன்னால் போய்விட்டது.

காலியான ரோட்டில், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" பதறிப்போய் மிதித்தார். அதிகாரியின் பேனா டாஷ்போர்டில் போய் விழுந்தது.

"ஏன் சார் நிறுத்துனீங்க?"

"நிறுத்தச் சொன்னீங்களேம்மா?"

"நான் வாயையே திறக்கலையே."

அடுத்து சிவப்பு விளக்கு. "பச்சை விழுந்தாச்சு, போங்க." கண்ணுக்குச் சிவப்பு, காதுக்குப் பச்சை. பதினெட்டு வருஷப் பழக்கம் காதைத்தான் நம்பியது. போனார். அதிகாரி தன் பிரேக்கை மிதித்தார். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று காம்பில் கைவைத்தார். கழற்றினால் ரோடே தெரியாது, மைனஸ் ஐந்து! மறுபடி மாட்டிக்கொண்டார். காதில் ஒரு இருமல். பிறகு மனைவியின் குரல், மிக அருகில்.

"என்னங்க, நீங்க பெட்ரோல் போட இறங்கியிருக்கீங்க. போன்ல சிவப்பா ஒண்ணு எரியுது. இதை எதுக்குப் பதிவு பண்றீங்கன்னு எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு பரீட்சையில நான் சொல்றதைக் கேக்காதீங்க. உங்க கண்ணால ரோட்டைப் பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று அவளே சொல்கிறாள். கேட்காமல் இருக்க வேண்டுமானால் இதைக் கேட்க வேண்டும். இதைக் கேட்டால் கேட்டதாகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

"என்னது சரி?" என்றார் அதிகாரி.

அலுவலகத்தில் முடிவை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆறு மாசத்துக்கு நீங்க தனியா ஓட்டக் கூடாது சார். லைசன்ஸ் உள்ளவங்க யாராவது பக்கத்துல இருந்தா மட்டும் ஓட்டலாம். வீட்டுல யார்கிட்டயாவது இருக்கா?"

"எங்க வீட்டுல என்னைத் தவிர யாருக்கும் கிடையாதும்மா" என்று அந்த நிலையிலும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதிகாரி கணினியைத் தட்டினார். "உங்க விலாசத்துல இன்னொண்ணு காட்டுதே. போன மாசம்தான் குடுத்திருக்கோம். ஒரு அம்மா. முதல் தடவையே பாஸ். அதோ, வெளிய பெஞ்சில உக்காந்திருக்காங்களே!"

பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் மனைவி அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நீ எப்போ... எங்க... எப்படி?"

"சனிக்கிழமை காலையில அச்சகத்துல அவசர வேலைன்னு போவேன்ல, அங்க."

"யாரு கத்துக்குடுத்தா?"

"வண்டி மட்டும் பயிற்சிப் பள்ளியோடது. மத்ததெல்லாம் உங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதுதான். நீங்க எப்போ என்ன பண்ணுவீங்களோ அப்போ அதைப் பண்ணலை. பாஸ் போட்டுட்டாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு நிமிஷம் கலங்கி நின்றார். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று புரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. பிறகுதான் ஒரு நல்ல செய்தி மெல்ல உறைத்தது. மனைவியிடம் லைசன்ஸ் இருக்கிறது. அவள் பக்கத்தில் இருந்தால் அவர் ஓட்டலாம். இதுவரை நடந்ததும் அதுதானே! சிம்மாசனம் தப்பித்தது!

"அப்போ ஒண்ணும் மாறலை!" என்று உற்சாகமாகக் காரை நோக்கி நடந்தார். "நீ பக்கத்துல உக்காரு, சொல்லு. நான் ஓட்டறேன்!"

"எனக்கு அச்சகத்துக்கு நேரமாச்சுங்க. சொல்லிச் சொல்லி ஓட்டறதைவிட நானே ஓட்டிட்டா சீக்கிரம் போயிடலாம். சாவியைக் குடுங்க, உங்களைக் கடையில இறக்கி விடறேன்."

சாவி எப்போது கை மாறியது என்று அவருக்கே தெரியாது. மனைவி இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட்டை மாட்டினாள். சரி, போகட்டும், பக்கத்து இருக்கை இருக்கிறது, வாய் இருக்கிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு முன்பக்கக் கதவில் கை வைத்தார்.

மனைவி உள்ளிருந்து பூட்டை அழுத்தினாள்.

"அந்த சீட்ல உக்காந்து என்னென்ன பண்ணலாம்னு எனக்குத் தெரியும். நீங்க பின்னால ஏறுங்க."